கல்குவாரித் தண்ணீருக்குள் ஒரு கை

2006-ம் வருஷம், ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. செங்கல்பட்டைத் தாண்டிப் படாளம் போகிற வழியில், ஜி.எஸ்.டி. ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஒரு கைவிடப்பட்ட கல்குவாரி இருக்கிறது. அங்கேதான் நடந்தது. இப்போதும் அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால், குவாரிக்குத் திரும்பும் மண் ரோடு வரும்போது முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வேன்.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பழைய மகாபலிபுரம் ரோட்டில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ஊரில் அம்மா எனக்கு வரன் தேடிக்கொண்டிருக்க, நான் இங்கே ஞாயிறானால் முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கோவளம் கடலுக்குள் குதித்துக்கொண்டிருந்தேன். ஸ்கூபா டைவிங். 'பொம்பளப் பிள்ளைக்கு இதெல்லாம் தேவையா?' என்று கேட்காத ஆள் இல்லை. கேட்ட ஆளோடெல்லாம் சண்டை போட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் அப்படித்தான்.

எங்கள் குழுவில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தோம். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரை எல்லோரும் மாஸ்டர் என்று கூப்பிடுவோம். தண்ணீருக்குள் தனியாக இறங்கக் கூடாது, இரண்டு பேராகத்தான் இறங்க வேண்டும் என்பது முதல் பாடம். ஒருவர் மூச்சுக்கு மற்றவர் பொறுப்பு. என்னோடு இறங்குகிறவன் என் அலுவலகத்தில் பக்கத்து சீட்டுக்காரன். 'என்ன, ஜோடி கிளம்பிருச்சா?' என்று மற்றவர்கள் கிண்டல் செய்வார்கள். நாங்கள் இருவரும் சேர்ந்து அவர்களைத் திட்டுவோம், பிறகு எங்களுக்குள் சண்டை போட்டுக்கொள்வோம். அவ்வளவுதான் எங்கள் ஜோடிப் பொருத்தம். இங்கே அவனை ஜோடி என்றே சொல்லிக்கொள்கிறேன்.

மழைக்காலத்தில் கடல் கலங்கிவிடும். அப்போது பயிற்சிக்கு அந்தக் கல்குவாரிக்குப் போவோம். லாரிகள் இறங்கி ஏறிய பழைய சரிவுப் பாதை ஒன்று அப்படியே தண்ணீருக்குள் போகும். அதில் நடந்தே இறங்கலாம். நாலு அடி போனதும் தரை சட்டென்று கீழே போய்விடும். மேலே பச்சை, கீழே போகப் போகக் கறுப்பு. அடியில் உடைத்த கற்கள், விட்டுப் போன இரும்பு வடம், அதன் மேல் மாவு மாதிரி படிந்த கல் தூள். காலை ஒரு உதை உதைத்தால் போதும், தூள் கிளம்பிக் கண்ணுக்கு முன்னால் பிடித்த கைகூடத் தெரியாது. அதனால் புதிதாகப் பழகுகிறவர்களை மாஸ்டர் அங்கே விடவே மாட்டார்.

இன்னொரு விஷயம் இருக்கிறது. இது புரிந்தால்தான் மீதி புரியும். தண்ணீருக்குள் அமிழ்வதற்காக இடுப்பில் ஈயக் கட்டிகள் கோத்த பெல்ட் கட்டுவோம். கடலில் உப்பு நம்மைத் தூக்கும், ஆகவே ஈயம் கூட வேண்டும். நல்ல தண்ணீர் அந்த அளவுக்குத் தூக்காது, ஈயத்தைக் குறைக்க வேண்டும். குறைக்காவிட்டால் ஆள் கல் மாதிரி இறங்கிவிடுவான். குவாரிக்குப் போனால் அந்தச் சரிவில் நின்று மாஸ்டர், "உப்பு போச்சு, ஈயத்தைக் குறை!" என்று கத்துவார். நாங்களும் கோரஸாகத் திருப்பிக் கத்திக்கொண்டே ஆளுக்கு இரண்டு கட்டி கழற்றி வைப்போம். ஒவ்வொரு தடவையும் நடக்கிற கூத்து அது.

அந்த ஞாயிறு காலையில் நாங்கள் கோவளம் கடலில் இருந்தோம். ஜோடியின் பெல்ட் கொக்கி தேய்ந்து நழுவிக்கொண்டே இருந்தது. எங்கள் படகுக்காரர் கோவளத்து மீனவர், தங்கமான மனுஷன். "இரு அண்ணாத்த, நான் கட்டி வுடறேன். சொறா வந்து இஸ்தாலும் அவுராது," என்று சொல்லி வலை பின்னுகிற நைலான் நூலால் கொக்கியோடு சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டார். வலைக்குப் போடுகிற முடிச்சு, நனைய நனைய இறுகும். ஆபத்து என்றால் பெல்ட்டை ஒரே இழுப்பில் கழற்றி எறிய வேண்டும் என்று படித்தவர்கள் நாங்கள் அத்தனை பேரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றோம். "சூப்பர்ணே," என்று ஜோடி அவர் தோளில் தட்டினான்.

கரைக்கு வந்து நாஸ்தா சாப்பிடும்போது மாஸ்டருக்குப் போன் வந்தது. செங்கல்பட்டுப் பக்கத்துத் தீயணைப்பு அலுவலர் ஒருவர் பேசினார். நாங்கள் குவாரியில் பயிற்சி செய்வதைப் பார்த்திருக்கிறார். முந்தின நாள் மாலை பாலிடெக்னிக்கில் படிக்கிற பையன் ஒருவன், சிநேகிதர்களோடு குளிக்க வந்து பாறை மேலிருந்து குதித்திருக்கிறான். மேலே வரவில்லை. உங்களால் உடலை எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார்.

முடியும் முடியாது என்று யோசிக்கக்கூட இல்லை. ஈரம் சொட்டச் சொட்ட எல்லாவற்றையும் வேனில் அள்ளிப் போட்டுக்கொண்டு திருப்போரூர் வழியாகக் கிளம்பினோம். நிரம்பிய சிலிண்டர் இரண்டுதான் மிச்சம் இருந்தது. மாஸ்டர் காலையில் இரண்டு முறை இறங்கியிருந்ததால் மறுபடி இறங்குவது உடம்புக்கு ஆகாது. நானும் ஜோடியும் ஒரு முறைதான் இறங்கியிருந்தோம். ஆகவே நாங்கள் இருவரும் என்று வேனிலேயே முடிவானது. கயிறு பிடிக்கப் படகுக்காரரும் கூட வந்தார்.

குவாரிக்கரையில் திருவிழாக் கூட்டம். எனக்கு வந்ததே கோபம்! சுண்டல் விற்கிறவன்கூட வந்திருந்தான். கீழே, சரிவுப் பாதையில் தண்ணீர் தொடங்கும் இடத்தில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். பையனின் தாய். கடற்கரைக் குப்பத்துக்காரர், மார்க்கெட்டில் மீன் விற்கிறவர். சேலை முழுக்க மண். எதிரே தீயணைப்புக்காரர்கள் பாதாளக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். கிணற்றில் விழுந்த குடத்தை எடுப்பதற்குக் கொத்தாகக் கொக்கிகள் தொங்குமே, அதையே பெரிதாகச் செய்தது. அந்தம்மா அதைத் தண்ணீரில் போடவிடவில்லை.

"கொக்கி போட்டு இஸ்காதீங்கய்யா, கீஞ்சிடும். மீனா அது? எம்புள்ளைய்யா."

அப்படிச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப் போயிருந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்து என் கன்னத்தைத் தடவினார். "நீயா தாயி எறங்கப்போற? கடல்ல எறங்கி வெளாண்ட புள்ள தாயி. அலையில குதிச்சா அந்தாண்ட போயி எந்திரிப்பான். இந்தக் குட்டைத் தண்ணி அவன இன்னா பண்ணிச்சின்னே தெரியலியே."

மாஸ்டரைப் போலீஸ்காரர் ஒரு பக்கம் இழுத்துவைத்து, எத்தனை நேரம் ஆகும், யார் பொறுப்பு என்று குடைந்துகொண்டிருந்தார். அந்த அழுகைக்கு நடுவில் நாங்கள் அவசர அவசரமாகச் சிலிண்டரை மாட்டினோம். அன்றைக்கு யாரும் "உப்பு போச்சு" என்று கத்தவில்லை. காலையில் கடலுக்குக் கட்டிய பெல்ட்டோடு அப்படியே இறங்கினோம்.

நீளக் கயிறு ஒன்றின் நுனி என் இடது கையில், மறு நுனி கரையில் படகுக்காரர் கையில். ஜோடி என் பக்கத்திலேயே அதே கயிற்றைப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். சரிவு முடிந்ததும் வயிற்றைப் பிடித்து யாரோ கீழே இழுத்தது போல இருந்தது. காதில் ஊசி குத்தியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, ஈயம்! சட்டென்று காற்று ஜாக்கெட்டின் பொத்தானை அமுக்கினேன். ஜாக்கெட் உப்பி, வேகம் குறைந்தது. திரும்பி ஜோடியைப் பார்த்தேன். அவன் காதைப் பிடித்துக்கொண்டு, கயிற்றை விட்டுவிட்டு, தலைகீழாக என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தான். அவனுடைய டார்ச் வெளிச்சம் சின்னதாகிச் சின்னதாகி அணைந்தது. அடுத்த நிமிஷம் கீழேயிருந்து கல் தூள் புகைபோல எழும்பி வந்து என்னையும், என் தோளில் மாட்டிய டார்ச்சையும் மூடிக்கொண்டது.

சத்தியமாகச் சொல்கிறேன், அப்படி ஒரு இருட்டை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. கண்ணைத் திறந்தாலும் ஒன்றுதான், மூடினாலும் ஒன்றுதான். ஏறிவிடலாம் என்று ஒரு மனசு சொன்னது. அப்போதுதான் சத்தம் கேட்டது. டங்... டங்... டங். ஜோடி கல்லை எடுத்துச் சிலிண்டரில் தட்டுகிறான். உயிரோடு இருக்கிறான், எங்கேயோ மாட்டிக்கொண்டிருக்கிறான். ஆனால் தண்ணீருக்குள் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது. தலைக்குள்ளேயே தட்டுவது போல இருக்கும்.

இடது கையில் கயிறு. அதை விட்டால் எனக்கே வழி இல்லை. வலது கையை நீட்டித் தரையைத் துழாவிக்கொண்டே போனேன். கல், சேறு, கல், இரும்பு. சிலிண்டரில் காற்று இறங்கிக்கொண்டே இருக்கும், அதைப் பார்க்கவும் வெளிச்சம் இல்லை. நான் பயத்தில் மூச்சை வாரி வாரி இழுத்துக்கொண்டிருந்தேன். 'எங்கடா இருக்கே, சனியனே' என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே துழாவினேன்.

ஒரு கை அகப்பட்டது.

மணிக்கட்டு. அதில் ஒரு கயிறு. ஜோடி டார்ச்சைக் கையில் கயிறு போட்டுத்தான் கட்டியிருப்பான். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இறுக்கிப் பிடித்து அழுத்தினேன், வந்துட்டேன்டா என்று. அந்தக் கை திருப்பி அழுத்தவில்லை. செத்துப்போய்விட்டானா?

டங்... டங்.

தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. நான் பிடித்திருக்கிற கை அசையாமல் இருக்கிறது. மேலே தடவிப் பார்த்தேன். சட்டைத் துணி. தோளில் பட்டை இல்லை, முதுகில் சிலிண்டர் இல்லை. நாங்கள் எந்தப் பிள்ளையைத் தேடி வந்தோமோ அந்தப் பிள்ளை.

அந்த இடத்தில் எவ்வளவு நேரம் இருந்தேன் என்று எனக்குத் தெரியாது. ரொம்ப நேரமாக இருக்காது. ஆனால் இன்றுவரை நான் அங்கேதான் இருக்கிறேன் என்று சில நாட்கள் தோன்றும். மேலே ஒரு அம்மா கொக்கி போடாதே என்று தொண்டை கட்டக் கத்திக்கொண்டிருக்கிறார். அவர் பிள்ளையின் கை என் கையில். கயிற்றை நாலு இழுப்பு இழுத்தால் படகுக்காரர் எங்கள் இருவரையும் தூக்கிவிடுவார். ஆனால் டங் என்பது இப்போது ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே இடைவெளி விட்டுக் கேட்டது. எனக்கு இருந்தது ஒரே ஒரு கை. அதில் இவனை வைத்துக்கொண்டு அவனைத் தேட முடியாது.

மன்னிச்சுக்கோ தம்பி என்று வாயில் குழாயை வைத்துக்கொண்டே உளறினேன். விட்டேன். விரல் விரலாகத்தான் விட முடிந்தது.

ஜோடி அங்கேயிருந்து எட்டும் தூரத்தில்தான் கிடந்தான். முதலில் அவன் காலில் என் தலை முட்டியது. பெல்ட்டின் தொங்கல் அந்தப் பழைய இரும்பு வடத்தில் சிக்கியிருந்தது. சேற்றில் குத்தி விழுந்ததில் அவன் கத்தியும் போய்விட்டது. பெல்ட்டைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. அந்த முடிச்சு! கோவளத்து முடிச்சு இறுகி இரும்பாகியிருந்தது. என் கத்தியை எடுத்து, அவன் வயிற்றை அறுத்துவிடுவேனோ என்ற பயத்தோடு, பெல்ட்டோடு சேர்த்து அறுத்தேன். அது கீழே விழுந்ததும் அவன் உடம்பு மேலே எழும்பியது. அவன் ஜாக்கெட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கயிற்றை விடாமல் இழுத்தேன். படகுக்காரர் வலை இழுக்கிற மாதிரி எங்களை வாரி இழுத்தார்.

மேலே வந்து வெளிச்சத்தைப் பார்த்ததும் வாந்தி எடுத்தேன். ஜோடியின் காதிலிருந்து ரத்தம். ஆனால் மூச்சு இருந்தது. அறுபட்ட நூல் அவன் இடுப்பில் ஒட்டிக்கொண்டிருந்ததைப் படகுக்காரர் பார்த்துவிட்டார். "நான் போட்ட கட்டு... ஐயோ, நான் போட்ட கட்டு," என்று தலையில் அடித்துக்கொண்டார். மாஸ்டர் அவரைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லண்ணே, நான்தான். ஈயத்தைக் குறைன்னு சொல்லல. நான் சொல்லல," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஆம்புலன்ஸில் ஜோடியை ஏற்றினார்கள். மாஸ்டர் கூடப் போனார்.

போகும் முன்னால் நான் நடந்ததை அவர் காதில் சொன்னேன். அவர் முகம் செத்துப்போனது. "அந்தம்மாகிட்ட சொல்லிடாத. பார்க்கலன்னு சொல்லு. இருட்டு, ஒண்ணும் தெரியலன்னு சொல்லிடு," என்றார். நிரம்பிய சிலிண்டர் இனி இல்லை. சென்னைக்கு அனுப்பி நிரப்பிக்கொண்டு வர மறுநாள் ஆகும். தீயணைப்புக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு கரண்டியைக் கையில் எடுத்தார்கள்.

அந்தம்மா என்னிடம் வந்தார். "பாத்தியா தாயி?"

பார்க்கவில்லை என்றுதான் சொல்ல வாயைத் திறந்தேன். பார்க்கவில்லை என்பது பொய்யும் இல்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்து அது வரவில்லை.

"கண்ணால பார்க்கலம்மா. கையால பிடிச்சேன். அவன் கையைப் பிடிச்சேன். எங்க ஆளு பக்கத்துல உசுருக்குப் போராடிக்கிட்டு இருந்தான். எனக்கு இருந்தது ஒரு கைதாம்மா. விட்டுட்டேன். உங்க பிள்ளையை நான் விட்டுட்டேன்."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன். அவர் தண்ணீரைப் பார்த்தபடியே கேட்டார்.

"கவுறு கட்டிகினு இருந்தானா?"

"கட்டியிருந்தான்மா. மணிக்கட்டுல."

"அங்காளம்மன் கோயில்ல மந்திரிச்சிக் கட்னது," என்றார். பிறகு, "உன்னுது எந்தக் கை தாயி?" என்று கேட்டார்.

வலது கையை நீட்டினேன். நகத்திலெல்லாம் கல் தூள். அந்தம்மா அதைத் தன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மோந்து பார்த்தார். பிறகு கன்னத்தில் வைத்துக்கொண்டார். அங்கேயே, தண்ணீரின் ஓரத்தில், என்னையும் இழுத்து உட்காரவைத்துக்கொண்டார். நான் கதறிவிட்டேன். அவர் அழவே இல்லை.

கரண்டியோடு வந்தவரைப் பார்த்து, கட்டின தொண்டையில் ஆனால் தெளிவாகச் சொன்னார்: "வாணாம் சார். அவன் இங்கதான் கீறான். இந்தப் பொண்ணு கைய புடிச்சிப் பாத்துகிது. இனிமே எனக்குப் பயமில்ல, தானா வருவான். நான் குந்திகினு கீறேன். கொக்கி போடணும்னா என்ன மொதல்ல தள்ளிட்டுப் போடு."

அதுவரை அந்தம்மா கேட்டது கெஞ்சல். இது கெஞ்சல் இல்லை. போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். நாளை மத்தியானம் வரைக்கும் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். கூட்டமும் மெதுவாகக் கலைந்தது. சுண்டல்காரன் எப்போது போனான் என்று தெரியாது.

பொழுது சாயும்வரை அந்தம்மா என் கையை விடவில்லை. பையனைப் பற்றி ஏதாவது சொல்வார். வஞ்சிரம் வறுத்தால் தலையை அவனுக்குத்தான் எடுத்து வைக்க வேண்டுமாம். காலேஜில் மீன் நாற்றம் என்று யாரோ சொன்னதற்கு இரண்டு நாள் போகாமல் இருந்தானாம். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். கை மரத்துப் போனது, இழுத்துக்கொள்ளத் தோன்றவில்லை. வேன் மற்றவர்களோடு முன்பே கிளம்பிப் போயிருந்தது. படகுக்காரர் வந்து, "போலாம்மா, கடைசி பஸ்ஸு," என்று சொன்னபோது அந்தம்மாவே விட்டார்.

மறுநாள் நான் ஆஸ்பத்திரியில் ஜோடியின் பக்கத்தில் இருந்தேன். மத்தியானத்துக்கு முன்னாலேயே மாஸ்டரிடமிருந்து போன் வந்தது. பையன் தானாகவே மேலே வந்துவிட்டான், சரிவுப் பாதைக்குப் பக்கத்திலேயே, உடம்பில் கொக்கி படவில்லை. "அந்தம்மா ஒரு விஷயம் சொல்லச் சொன்னாங்க. 'அந்தப் பொண்ணாண்ட சொல்லிடு, வந்துட்டான்'னு," என்றார்.

மாஸ்டர் அந்த வருஷத்தோடு டைவிங் வகுப்பை நிறுத்திவிட்டார். நான் கடலில் இன்னும் சில வருஷம் இறங்கினேன், குவாரிப் பக்கம் போகவில்லை. ஜோடிக்கு ஒரு காது கேட்காமல் போய்விட்டது. இப்போது வெளிநாட்டில் இருக்கிறான், இரண்டு பிள்ளைகள். வருஷா வருஷம் ஆடி மாதம் போன் செய்து, "நீ தேடி வரலன்னா..." என்று ஆரம்பிப்பான். நான் "போதும் வை" என்று சிரித்து மழுப்பிவிடுவேன். அவனிடம் வருவதற்கு முன்னால் நான் யார் கையை விட்டேன் என்று அவனுக்கு இதுவரை சொன்னதில்லை. இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

நான் செய்தது சரி என்று மாஸ்டர் சொன்னார், பிறகு கட்டிக்கொண்ட கணவர் சொன்னார், நானும் எனக்கே எத்தனையோ முறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் சரியா தப்பா என்று ஒரு வார்த்தை கேட்காமல், தன் பிள்ளையைக் கடைசியாகப் பிடித்த கை என்பதற்காக மட்டும் என் கையைப் பொழுது சாயும்வரை மடியில் வைத்திருந்த அந்தம்மாவின் கைச்சூடுதான் இன்னும் என்னைத் தூங்கவைக்கிறது.